விளையாட்டுக்குச் சொல்லவில்லை

சென்ற ஆண்டு ஓர் ஊரில் இலக்கியக் கூட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம்; நல்ல மனிதர்கள். பொங்கல் போட்டு, சால்வை போர்த்தி, பஸ் ஏற்றியும் விட்டார்கள். பேச்சுகள் எல்லாம் முடிந்து கேள்வி நேரம் வந்தபோது ஒரு கல்லூரி மாணவி எழுந்து, "எழுத விரும்புகிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய சிருஷ்டிகள் என்று நீங்கள் எவற்றைச் சொல்வீர்கள்?" என்று கேட்டாள். நான் வழக்கமாகச் சொல்கிற பெயர்களைச் சொன்னேன். ருஷ்யர் இருவர், நம்மவர் மூவர். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். நாக்கு யாருடைய பேச்சைக் கேட்கிறது? "இவற்றோடு டெட்ரிஸ், பாக்மன் இரண்டையும் ஆடிப் பாருங்கள்" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

சபை சிரித்தது. தலைமை வகித்த பெரியவர், ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர், தமது முடிவுரையில் என்னுடைய "ஹாஸ்ய உணர்ச்சியை" வெகுவாகப் பாராட்டினார். அப்போதே எழுந்து மறுத்திருக்க வேண்டும். தோளில் சால்வை கனத்தது, பேசாமல் வந்துவிட்டேன். அந்தப் பேசாமைக்கு முதலும் வட்டியுமாக இப்போது எழுதுகிறேன். ஐயா, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அது சற்றுக் கசப்பான காரணம். மதுரையில் என் அக்காள் இருக்கிறாள். அவள் மகன், என் மருமகன், உத்தியோகத்தில் இருக்கிற பையன், போனில் ரம்மி ஆடி இரண்டு வருஷச் சம்பளத்தைத் தொலைத்தான். அது போதாதென்று அக்காளுடைய ஆறு பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போய், வட்டி கட்ட முடியாமல் முழுகியும் போயிற்று. விஷயம் வெளியே வந்த அன்று இரவு அக்காள் எனக்கு போன் செய்தாள். அழவில்லை. "தம்பி, அவன் சின்னப் பையனா இருக்கும்போது அந்த டிவி கேம் பொட்டியை வாங்கிக் கொடுத்தது நீதானேடா? அன்னைக்கே வேணாம்னு சொன்னேன்" என்றாள். வாஸ்தவம். அவனுடைய எட்டாவது பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். அக்காளுக்கு அன்றைக்கு நான் ஒரு பதிலும் சொல்லவில்லை.

பேராசிரியருக்கும் அக்காளுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. பேராசிரியரின் சிரிப்பில் எனக்குக் காசு நஷ்டம் ஒன்றுமில்லை. அக்காளின் கேள்வியில் ஆறு பவுன் இருக்கிறது. சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன்.

வீடியோ கேம் ஒரு கலையாக முடியாது என்று சொல்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை ஆடிப் பார்த்ததில்லை. இது அவர்களுக்கே தெரியும். அதை ஒரு பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். அமெரிக்காவில் ரோஜர் ஈபர்ட் என்று பெரிய சினிமா விமர்சகர் இருந்தார். 1975-ல் புலிட்சர் பரிசு பெற்றவர். அவர் 2010-ல், வீடியோ கேம்கள் ஒருநாளும் கலையாக முடியாது என்று அடித்து எழுதினார். ஆயிரக்கணக்கானவர்கள் அவரோடு சண்டைக்கு வந்தார்கள். சில மாதங்கள் கழித்து அவரே, 'நான் ஆடிப் பாராத ஒன்றைப் பற்றி வாய் திறந்திருக்கக் கூடாது' என்ற பொருளில் எழுதினார். அபிப்பிராயத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் தம் யோக்கியதாம்சம் எதுவரை என்று ஒப்புக்கொண்டார். இந்த நேர்மையில் கால்வாசி நம் பேராசிரியர்களிடம் இருந்தால் போதும் எனக்கு.

'நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், சினிமாவையும் சொன்னார்கள், இப்போது இதைச் சொல்கிறார்கள்' என்று ஒரு வாதம் உண்டு. என் கட்சிக்காரர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் எடுத்து வீசுவார்கள். நான் வீசமாட்டேன். அது மலிவான வாதம். ஒரு காலத்தில் பழிக்கப்பட்ட எல்லாம் பிற்காலத்தில் கலையாகிவிடுமென்றால், லாட்டரிச் சீட்டும் ஒருநாள் காவியமாகிவிட வேண்டியதுதான். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் 14 வீடியோ கேம்களைத் தன் சேகரத்தில் சேர்த்துக்கொண்டது; அதில் பாக்மனும் டெட்ரிஸும் உண்டு. சர்டிபிகேட் கண்டால்தான் மரியாதை கொடுப்பேன் என்கிறவர்கள் இதை வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டாம். பொருளைப் பார்த்துப் பேசுவோம்.

டெட்ரிஸ் பிறந்தது 1984-ல், மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞான அகாடமியின் கம்ப்யூட்டர் நிலையத்தில். செய்தவர் அலெக்ஸி பஜித்னோவ். அவர் கையில் இருந்த எலெக்ட்ரானிகா 60 என்ற யந்திரத்துக்குப் படம் வரையத் தெரியாது. எழுத்துக்களை மட்டுமே காட்டும். ஆகவே அவர் அடைப்புக்குறிகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டங்கள் செய்தார். நான்கு கட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டினால் ஏழு வடிவங்கள் கிடைக்கும். அந்த ஏழும் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும், திருப்பலாம், நகர்த்தலாம், வேண்டாமென்று சொல்ல முடியாது. ஒரு வரிசை இடைவெளியில்லாமல் நிறைந்தால் மறைந்துவிடும். அவ்வளவுதான் சமாச்சாரம். இதற்குப் பாட்டி கதை இல்லை, ராஜகுமாரி இல்லை, துப்பாக்கி இல்லை.

இதிலே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டெட்ரிஸ் ஆடுகிறவன் எவனும் ஒரு காரியம் செய்வான். நீளக் கட்டை ஒன்று உண்டு. நான்கு கட்டமும் ஒரே கோடாக நிற்பது. அது வந்தால் ஒரே சமயத்தில் நான்கு வரிசைகளைத் தீர்த்துவிடலாம். அதற்காக ஓர் ஓரத்தில் பள்ளம் விட்டு, மற்ற இடமெல்லாம் நேர்த்தியாக அடுக்கிக்கொண்டு காத்திருப்பான். வரும், வரும். வேறு எதுவோ வரும். அடுக்கு ஏறிக்கொண்டே போகும். வேகம் கூடும். 'இன்னும் ஒரு தடவை பார்ப்போம்' என்பான். கடைசியில் அது வரும்போது, பள்ளத்தின் வாயை வேறொரு கோணல் கட்டை அடைத்துக்கொண்டிருக்கும். மகனுக்கு உத்தியோகம் வந்ததும் வீட்டுக்கு மேல்தளம் போடலாம் என்று கம்பியை நீட்டி விட்டுவிட்டுக் காத்திருந்த என் தகப்பனாரை எனக்கு ஞாபகமூட்டியது எந்த நாவலும் அல்ல, இந்த விளையாட்டுத்தான். கம்பி இன்னும் மொட்டை மாடியில் துருப்பிடித்து நிற்கிறது.

இதில் ஜயிப்பதென்பது இல்லை. எத்தனை சமர்த்தனானாலும் கடைசியில் தோற்க வேண்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு அழகாகத் தோற்கிறான் என்பதே ஆட்டம். 1989-ல் நின்டெண்டோ வெளியிட்ட பதிப்பை 2023 டிசம்பரில் அமெரிக்கப் பையன் ஒருவன், 13 வயது, ஆடிக்கொண்டே போய், யந்திரமே திகைத்து உறைந்து நின்றுபோகும் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டான். அந்த இடத்தை எட்ட மனித குலத்துக்கு 34 வருஷங்கள் பிடித்தன! இத்தனை காலம் ஒரு சிருஷ்டி தன் முடிவைக் காட்டாமல் வைத்திருந்ததென்றால் அதைச் சிரித்துத் தள்ளுகிறவர்களை நான் என்ன சொல்ல?

பஜித்னோவுக்கு இதிலிருந்து கிடைத்தது என்ன என்பது தனிக் கதை. உரிமை சோவியத் அரசாங்கத்திடம் போயிற்று. கேம் பாய் என்ற கையடக்க யந்திரத்துக்கான டெட்ரிஸ் மட்டும் ஏறத்தாழ 3.5 கோடி விற்றது. அவர் கைக்கு ராயல்டி வர ஆரம்பித்தது 1996-ல். பன்னிரண்டு வருஷங்கள்! தமிழ் எழுத்தாளன் இதைப் படித்து ஆச்சரியப்பட மாட்டான்.

இனி பாக்மன். 1980, ஜப்பான், நாம்கோ கம்பெனி. செய்தவர் டோரு இவாடானி. அப்போது அவருக்கு வயது 25. சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுகளாகவே இருந்த காலத்தில், பெண்களும் வந்து ஆடும்படியாக ஒன்று செய்ய வேண்டுமென்று நினைத்து, சாப்பிடுவதை விஷயமாக எடுத்துக்கொண்டார். மஞ்சள் வட்டம் ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டு சந்துகளில் ஓடிப் புள்ளிகளைத் தின்கிறது. நான்கு பிசாசுகள் துரத்துகின்றன. பார்க்கிறவர்களுக்கு நான்கும் ஒன்றுபோலத்தான். நிறம் மட்டும் வேறு. அப்படி இல்லை என்பதிலேதான் மேதைமை இருக்கிறது.

சிவப்புப் பிசாசு நேரே உங்கள் முதுகைக் குறிவைத்து வரும். ரோஸ் நிறத்தது அப்படி வராது; நீங்கள் போகிற திசையில் நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நீலம், சிவப்பு எங்கே இருக்கிறது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று இரண்டையும் பார்த்துத் தன் வழியை அமைத்துக்கொள்ளும். ஆகவே அது எப்போது என்ன செய்யுமென்று யாருக்கும் தெரியாது. ஆரஞ்சு தூரத்தில் இருக்கும்வரை வீராவேசமாக வரும். எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் என்னமோ நினைத்துக்கொண்டதுபோல் தன் மூலைக்குத் திரும்பிப் போய்விடும். எங்கள் ஊரில் வட்டிக் கடைக்காரர் ஒருவரிடம் வசூலுக்கு நான்கு ஆட்கள் இருந்தார்கள். சத்தியமாக இதே நால்வர்! ஆரஞ்சு மாதிரி இருந்தவர் வாசல்வரை வந்து, அம்மாவைப் பார்த்ததும் குடிதண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

பாத்திரப் படைப்பு என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். 'அவன் கோபக்காரன், ஆனால் உள்ளுக்குள்ளே இளகியவன்' என்றெல்லாம். இவாடானி ஒரு சொல்கூட எழுதவில்லை. யார் எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதை மட்டும் வைத்து நாலு பேரைப் படைத்துவிட்டார். அது மட்டுமல்ல, ஓயாமல் துரத்தினால் ஆடுகிறவன் மனசு நொந்துபோவான் என்று, அவ்வப்போது நான்கும் துரத்தலை விட்டுத் தத்தம் மூலைக்குப் போய்வரும்படி வைத்தார். தொடர்கதை எழுதுகிறவர்கள் இதைப் படித்துப் பார்க்கட்டும். வாரா வாரம் கதாநாயகியை அழவைத்தே தீருவேன் என்பவர்கள் முக்கியமாக.

இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனாலும் 1978-ல் டோமோஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸைப் பற்றி ஒரு வரி. வரிசைக்கு 11 வீதம் 55 ஜந்துக்கள் கீழே இறங்கும். அத்தனையையும் வேகமாக நகர்த்த அந்த யந்திரத்துக்குத் திராணி இல்லை. சுடச் சுட எண்ணிக்கை குறைய, மிச்சமிருப்பவை தாமாகவே வேகம் பிடித்தன. இது பிழை. நிஷிகாடோ அந்தப் பிழையைத் திருத்தவில்லை. கடைசி ஒன்று தலைதெறிக்க ஓடிவரும் திகில் அதனால்தான் உண்டாயிற்று. நல்ல பிழையை அடையாளம் கண்டு அப்படியே விட்டுவிடுவது எவ்வளவு கஷ்டமென்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும். மரியோவைப் பற்றி, 1985-ல் மியாமோட்டோவும் டெஸூகாவும் செய்ததைப் பற்றி, நான் எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து ஆடியவன் நான். ஒரு சொல் விளக்கமில்லாமல் முதல் அரை நிமிஷத்துக்குள் எதைத் தாண்ட வேண்டும், எதை முட்ட வேண்டும், எதைத் தின்ன வேண்டும் என்று அந்த முதல் கட்டம் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. நம் நாவல்களின் முதல் அத்தியாயங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

ஆனால் என் சொந்த வயிற்றெரிச்சலோடு சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்லாமல் போகமாட்டேன். அட்டாரி கம்பெனியில் வாரன் ராபினெட் என்று ஒருவர் வேலை பார்த்தார். அந்தக் கம்பெனி தன் விளையாட்டுகளைச் செய்தவர்களின் பெயரை எங்கும் போடுவதில்லை. ராபினெட் 'அட்வென்சர்' என்ற ஆட்டத்தைத் தனியாளாகச் செய்தார். யாரிடமும் சொல்லாமல் அதற்குள் ஒரு ரகசிய அறையைக் கட்டினார். பின்னணியின் நிறத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளி ஒன்றைக் கண்டெடுத்து, குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோனால் அந்த அறைக்கு வழி திறக்கும். உள்ளே வேறொன்றும் இல்லை. இதைச் செய்தவர் வாரன் ராபினெட் என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். 1980-ல் ஆட்டம் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு ஸால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு பதினைந்து வயதுப் பையன் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதியபோதுதான் கம்பெனிக்கே தெரிந்தது.

நான் கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்த புதிதில், ஒரு டெலிவிஷன் தொடருக்கு இருநூற்றுச் சொச்சம் பகுதிகளுக்கு வசனம் எழுதினேன். ஒரு பகுதியிலும் என் பெயர் வரவில்லை. சம்பளம் பாதி வந்தது. ராபினெட்டின் கதையை அப்போது அறிந்திருந்தேனானால் நானும் ஒரு அறை கட்டியிருப்பேன். மாமியாரின் வசனத்தில் வரிக்கு முதலெழுத்தாக என் பெயரைக் கோத்திருப்பேன். அந்த அறைக்குள் நுழைந்து அந்த எழுத்துக்கள் மினுங்குவதைப் பார்த்தபோது, பல நாவல்களின் கடைசிப் பக்கத்தில் வராத கண்ணீர் எனக்கு வந்தது. இது கலையனுபவம் இல்லையென்றால் வேறு என்ன?

இதெல்லாம் பழைய சரக்கு. கதை படிக்கிறவனுக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் 'பாஸேஜ்' என்பதை ஆடட்டும். ஜேஸன் ரோரர் 2007-ல் செய்தது. ஐந்தே நிமிஷம். திரை ஒரு நாடாவைப்போல ஒடுங்கியது. இடது பக்கத்தில் ஒரு இளைஞன் நிற்கிறான். வழியில் ஒரு பெண் நிற்கிறாள். அவளைத் தொட்டால் கூடவே வருவாள். கூட வந்தால், ஒற்றை ஆள் நுழையக்கூடிய சந்துகளில் அதன் பிறகு நுழைய முடியாது. அங்கே இருக்கும் பெட்டிகள் கிடைக்காது. தனியாகவும் போகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நடக்க நடக்கத் தலை நரைக்கிறது, முதுகு கூனுகிறது. திடீரென்று அவள் இருந்த இடத்தில் ஒரு கல்லறை நிற்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் கிழவன் மெல்லத்தான் நடப்பான். அந்த மெதுவை எந்த எழுத்தாளனாலும் எழுத முடியாது. உங்கள் விரலே அதைச் சுமக்கிறது.

லூகஸ் போப் 2013-ல் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' இன்னும் கொடியது. ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் குமாஸ்தா. வருகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கூலி. தவறு செய்தால் முதல் இரண்டுக்கும் எச்சரிக்கை, அப்புறம் அபராதம். மாலையில் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு என்று கணக்குப் பார்க்க வேண்டும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமன். ஒருநாள் ஒருவன் வருகிறான், காகிதம் சரி. உள்ளே போகும்போது, பின்னால் தன் மனைவி வருகிறாள், தயவு காட்டுங்கள் என்கிறான். அவளிடம் அனுமதிச் சீட்டு இல்லை. முத்திரை உங்கள் கையில். முதல் முறை நான் அவளைத் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு ஏற்கனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தேன்; மகனுக்கு உடம்பு சரியில்லை. நாவலில் படித்திருந்தால் அந்தக் குமாஸ்தாவைத் திட்டியிருப்பேன். இங்கே திட்ட ஆள் இல்லை.

பேராசிரியருக்கு இவ்வளவு போதும்.

இனி என் கட்சிக்காரர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் நியாயமில்லை. சாவதற்குள் ஆடியே தீர வேண்டியவை நூறு, ஆயிரம் என்று பட்டியல் போடுகிறார்களே, அவர்களை எனக்குப் பிடிக்காது. பட்டியல்காரனுக்கு ஆடுவதில் ஆசை இல்லை. ஆடி முடித்ததாகக் குறியிடுவதில்தான் ஆசை. மூளை கூர்மையாகும், கைவேகம் கூடும், சர்ஜன்களுக்கு உதவும் என்று பரிந்து பேசுகிறவர்கள் இன்னும் மோசம். ரத்தம் சுத்தியாகும் என்று சொல்லிக் கவிதை விற்கிறவனை என்ன செய்வோமோ, அதைத்தான் இவர்களுக்கும் செய்ய வேண்டும்.

சரி, அக்காள்.

அக்காளுக்கு நான் சொல்ல நினைத்த பதில், அது விளையாட்டு, இது சூது என்பதுதான். சட்டமும் நெடுங்காலம் இதில்தான் தடுமாறிக்கொண்டிருந்தது. தமிழ்நாடு அரசு ஆன்லைன் சூதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடுவன என்று அவற்றை மட்டும் தடையிலிருந்து விலக்கிவிட்டது. பிறகு 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் இயற்றியது. அதே சட்டம், பணம் சம்பந்தப்படாத விளையாட்டுகளைத் தனியே பிரித்தும் வைத்தது. அந்தப் பிரிவினையைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. சங்கிலி முழுகிய பிறகு வந்த நிம்மதி!

ஆனால் நான் என்னையே ஏமாற்றிக்கொள்ளப் பார்க்கிறேனா? பாக்மனும் காசு தின்ற பிராணிதான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கடைகளில் நின்ற அந்த யந்திரங்கள், நாணயம் போட்டால்தான் உயிர் பெறும். சீக்கிரமாகத் தோற்கடித்து அடுத்த நாணயத்தைக் கேட்கும்படியாகத்தான் அவற்றின் கஷ்டம் அளக்கப்பட்டிருந்தது. நான் மட்டும் யோக்கியனா? மணிக்குப் பத்து ரூபாய்க் கடைக்கு, தகப்பனாரின் சட்டைப் பையிலிருந்து எத்தனை முறை எடுத்திருக்கிறேன்! அக்காளுக்கு அது தெரியும். ஒருமுறை எனக்காகப் பொய் சொல்லி அடி வாங்கியவள் அவள். அதனால்தான் போனில் நான் வாயடைத்துப் போனேன்.

ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. பாக்மன் என் காசை வாங்கிக்கொண்டு ஆட்டத்தைக் கொடுத்தது. பதிலுக்குக் காசு தருகிறேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. தோற்றவனைப் பார்த்து 'போனதைப் பிடிக்கலாம் வா' என்று நடுராத்திரியில் தலைமாட்டில் மணியடித்து எழுப்பவில்லை. மருமகனின் போனில் அந்த ரம்மிக் கம்பெனி அனுப்பிய செய்திகளை நான் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். முதலில் இனாம்; பிறகு வாழ்த்து; அவன் பிறந்த நாளுக்கு அவர்கள் வாழ்த்து அனுப்பியிருந்தார்கள், நான் மறந்திருந்தேன். டெட்ரிஸில் தோற்றவன் தன் சாமர்த்தியக் குறைவைப் பார்க்கிறான். ரம்மியில் தோற்றவன் அடுத்த சீட்டைப் பார்க்கிறான். பையனுக்கு நான் எட்டு வயதில் வாங்கிக் கொடுத்த பெட்டி முதலாவதைப் பழக்கியதா, இரண்டாவதைப் பழக்கியதா? முதலாவதைத்தான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே 'கேம்' என்ற சொல்லில் போட்டுக் கட்டி, நல்லதையும் சேர்த்துக் குப்பையில் கொட்டுகிறவர்களோடு சண்டை போட என்னால் முடியும்.

குப்பை என்பது அலங்காரமாகச் சொன்ன சொல்லல்ல. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. வைத்திருக்கும் நூலகங்களோ, ஆராய்ச்சி செய்கிறவனுக்குத் தூரத்திலிருந்து திறந்து காட்ட முடியாது. அதற்கு அனுமதி கேட்டபோது 2024 அக்டோபரில் அந்த நாட்டுக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு பொழுதுபோக்குவார்களாம்! நூலகத்தில் நாவல் எடுத்துப் போகிறவனை யாராவது இப்படிக் கேட்டதுண்டா?

இந்த அலட்சியத்தின் முடிவு நமக்குத் தெரியும். நம் பழைய வாரப் பத்திரிகைகளில் வந்த கதைகளில் எத்தனை கரையானுக்குப் போயின! கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒரு மனிதர், பண்டிதர்கள் கையால் தொடாத சரக்கையும் சேர்த்துச் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரம்தான் 1994-ல் சென்னையில் நூலகமாயிற்று. இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே வந்து தவம் கிடக்கிறார்கள். விளையாட்டுக்கு அப்படி ஒரு கோட்டையூர்க்காரர் நம்மிடையே இருக்கிறாரா? 2023-ல் டொராண்டோவிலிருந்து 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு வந்தது. கனடாவுக்குக் குடியேறிய தமிழ்ப் பெண் ஒருத்தி, தன் தாயின் கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்து பிள்ளையை வளர்க்கிற கதை. அழிந்துபோன வரிகளில் என்ன இருந்திருக்கும் என்று நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா பரிசு, முதல் படைப்புக்கான பரிசு, அதற்குக் கிடைத்தது. நம் இலக்கியக் கூட்டம் ஒன்றில்கூட அதன் பெயரை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. நான் உச்சரித்திருந்தால் அதற்கும் ஹாஸ்ய உணர்ச்சி என்று சால்வை போர்த்தியிருப்பார்கள்.

போன மாதம் மதுரைக்குப் போயிருந்தேன். புது மண்டபத்துப் பக்கம் நடைபாதையில் ஒரு கடையில் அந்தக் கையடக்க டெட்ரிஸ் பெட்டி இன்னும் விற்கிறது. பல்லாயிரம் விளையாட்டு உள்ளே இருப்பதாக அட்டையில் எழுதியிருக்கிறது, பஜித்னோவ் பெயர் எங்கும் இல்லை. ஒன்று வாங்கிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனேன். மருமகன் வேலை முடிந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தான். சம்பளத்தை இப்போது அம்மாவிடம் அப்படியே கொடுத்துவிடுகிறான். போனும் பழைய பொத்தான் போன்தான். பெட்டியை நான் எடுத்து வைத்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்காள் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இது காசு கேக்குமாடா?" என்றாள்.

"பாட்டரி கேக்கும்க்கா. ரெண்டு."

அவள் நம்பவில்லை. பின்பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாடி எங்கே என்று கேட்டாள். மருமகன்தான் எழுந்து போய் எடுத்துவந்து கொடுத்தான்.